அலுவலகத்துக்கு இணையத் தொலைபேசி: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

சின்ன அலுவலகங்களுக்குத் தொலைபேசி போட்டுத் தருவது என் தொழில். இன்டர்காம் பெட்டி மாட்டிய காலம் போய், இப்போது எல்லோரும் இணையப் போன் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

திருப்பூர், ஏற்றுமதி அலுவலகம்: 20 பேர் இருக்கிறோம். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன் போதுமா அண்ணா?

வேகம் தாராளம் தம்பி. குரலை இணையத்தில் அனுப்பும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்குப் போகச் சுமார் 87 கேபிபிஎஸ், வரச் சுமார் 87 கேபிபிஎஸ் செலவாகும் (1,000 கேபிபிஎஸ் ஒரு எம்பிபிஎஸ்). ஒரே நேரத்தில் 8 பேர் பேசினாலும் ஒரு பக்கத்துக்கு 700 கேபிபிஎஸ்தான் வரும். ஒரு எம்பிபிஎஸ்கூடத் தேவையில்லை.

கெடுப்பது நெரிசல். உங்கள் மெர்ச்சன்டைசர் பையருக்குப் பெரிய டிசைன் ஃபைலை அனுப்பிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து மேசையின் பேச்சு அந்த ஃபைலுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். ஃபைல் அரை நொடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது. குரல் அரை நொடி தாமதித்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் அளவுகோல். குரல் பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகப் போகும்; வழியில் தொலையும் துண்டுகள் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் கணக்கு.

அதனால் எந்த போன் என்று பார்ப்பதற்கு முன்னால் லைனைப் பாருங்கள். எல்லோரும் வேலையில் இருக்கும் காலை 11 மணிக்கு ஒரு மணி நேரம் பிங் (லைனின் தாமதத்தையும் இழப்பையும் காட்டும் சோதனை) ஓடவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பயனில்லை. அப்புறம் குரலுக்கு முன்னுரிமை தரும் வசதியுள்ள ரவுட்டர் வாங்குங்கள். போனில் மிச்சம் பிடித்தாவது அதை வாங்குங்கள்.

கோவை, ஆடிட்டர் அலுவலகம்: அழைப்புகளை இணைக்கும் எக்ஸ்சேஞ்சைக் கிளவுடில், அதாவது சேவை தரும் நிறுவனத்தின் சர்வரில், எடுப்பதா, இங்கேயே பெட்டி வைப்பதா?

உங்களுக்குக் கிளவுட்தான் மேடம். தெருவில் பள்ளம் தோண்டி ஃபைபரை அறுத்துவிட்டால், சொந்தப் பெட்டியில் உள் எக்ஸ்டென்ஷன்கள் (அலுவலகத்துக்குள் இருக்கும் போன்கள்) மட்டும் தங்களுக்குள் பேசும். கிளவுட் என்றால் வாடிக்கையாளரின் அழைப்பு உங்கள் ஆட்களின் மொபைல் ஆப்பில் அடிக்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி வாரத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே கட்டடத்தில் 50, 60 எக்ஸ்டென்ஷன், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் உண்டு என்றால் சொந்தப் பெட்டி லாபம். கணினியையே எக்ஸ்சேஞ்சாக மாற்றும் ஆஸ்டரிஸ்க் என்ற திறமூல மென்பொருளை மார்க் ஸ்பென்சர் 1999இல் வெளியிட்டார். அதையும், அதைத் திரையில் எளிதாக அமைக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸையும் போட்டால் எக்ஸ்டென்ஷனுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்ட வேண்டியதில்லை.

மதுரை, பரிசோதனைக் கூடம்: பேச ஆரம்பித்து அரை நிமிடத்தில் லைன் கட் ஆகிறது. போனை மாற்றிவிட்டோம், அப்படியும் சரியாகவில்லை.

வாட்ச் வைத்துப் பாருங்கள் சார், 32 நொடியாக இருக்கும். எதிர்முனை எடுத்ததும் "எடுத்துவிட்டேன்" என்று ஒரு செய்தி வரும். உங்கள் பக்கம் "சரி" என்று பதில் போக வேண்டும். அந்தச் "சரி" போய்ச் சேராவிட்டால், எதிர்ப்பக்கம் 32 நொடி வரை திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்துவிட்டுத் துண்டித்துவிடும். இணையப் போன்கள் அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் பயன்படுத்தும் எஸ்ஐபி முறையின் விதியே அப்படி. போன் மேல் குற்றமே இல்லை.

பெரும்பாலும் காரணம் ரவுட்டரில் இருக்கும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி. உதவி செய்வதாக நினைத்துச் செய்தியில் இருக்கும் முகவரியை மாற்றி எழுதிவிடும். அதை அணைத்துவிட்டு ரவுட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்பதற்கும் பல இடங்களில் இதுதான் காரணம்.

சேலம், ஜவுளி மொத்த வியாபாரம்: கரண்ட் போனால்?

போனும் போய்விடும். பிஓஇ ஸ்விட்ச் வாங்கினால் நெட்வொர்க் கேபிளிலேயே போனுக்கு மின்சாரம் போகும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் போடுங்கள். எப்படியானாலும் 112 அழைக்க ஒரு மொபைல் கைவசம் இருக்கட்டும்.

ஈரோடு, புதிதாகக் கால் சென்டர் தொடங்குபவர்: சிம் போடும் பெட்டி வைத்தால் வெளிநாட்டு அழைப்பு மலிவு என்கிறார் ஒருவர்.

வேண்டவே வேண்டாம் தம்பி. வெளிநாட்டு அழைப்பை இணையத்தில் கொண்டுவந்து உள்ளூர் சிம்மில் இறக்குவது குற்றம். போலீஸ் ரெய்டு வரும் விஷயம் இது. ஏர்டெல், ஜியோ, டாடா டெலி, பிஎஸ்என்எல் போன்ற உரிமம் பெற்ற நிறுவனத்திடம் எஸ்ஐபி டிரங்க் (உங்கள் எக்ஸ்சேஞ்சை வெளியுலகத்தோடு இணைக்கும் லைன்) வாங்குங்கள்.

ஓசூர், உதிரிபாகத் தொழிற்சாலை: இதை ஹேக் செய்ய முடியுமா?

முடியும். இதில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்டும் 101. சனிக்கிழமை மாலை பூட்டிப் போனார்கள். திங்கள் காலை கால் பதிவைத் திறந்தால், யாரும் கேள்விப்படாத நாடுகளுக்கு இரவு முழுக்க வரிசையாக அழைப்புகள். பக்கம் பக்கமாக ஓடியது. முதலாளி நாற்காலியில் உட்காரவே இல்லை, நின்றபடியே படித்தார். பில் அவர் தலையில்தான் விழுந்தது.

ஐஎஸ்டி தேவையில்லை என்றால் டிரங்க் தரும் நிறுவனத்திடமே எழுதிக் கொடுத்து மூடச் சொல்லுங்கள். தேவை என்றால் தினசரி உச்சவரம்பு வையுங்கள். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் நீளமான தனிப் பாஸ்வேர்டு. எஸ்ஐபி செய்திகள் வரும் வாசலான 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள், வெளியிலிருந்து பேசுபவர்கள் விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக வரட்டும். இன்று மாலை பூட்டுவதற்கு முன் 101இன் பாஸ்வேர்டு என்ன என்று பார்த்துவிடுங்கள் சார்.