50 மி.மீ. அலுமினியக் குழாய் எவ்வளவு வளைவைத் தாங்கும்?

பாலக்காட்டில் ஜன்னல் வேலைக்கு விற்கும் 50 மி.மீ. குழாய், வீட்டில் கட்டும் விமானத்தின் இறக்கைத் தண்டுக்கு ஆகுமா என்பது கேள்வி. ஆகாது.

சுவர் 1.5 மி.மீ. என்றால் உள்விட்டம் 47 மி.மீ. இரு விட்டங்களின் நான்காம் அடுக்குகளைக் கழித்து, பையால் (π) பெருக்கி, வெளிவிட்டத்தின் 32 மடங்கால் வகுத்தால் செக்‌ஷன் மாடுலஸ் (வளைவைத் தாங்குவதில் குழாய் வடிவத்தின் பங்கைச் சொல்லும் அளவு): சுமார் 2,690 கன மி.மீ. இதை ஈல்டு தகைவால், அதாவது உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவால் (பரப்பளவுக்கு இவ்வளவு விசை என்ற அளவு), பெருக்குங்கள். 6061-டி6 (வெப்பத்தால் பலமூட்டிய அலுமினியக் கலவை) என்றால் 240 மெகாபாஸ்கல், 1.5 பாதுகாப்புக் காரணியால் வகுத்தால் 430 நியூட்டன் மீட்டர். ஒரு முனை இறுகப் பிடித்த 1 மீட்டர் தண்டின் மறுமுனையில் 44 கிலோ. ஜன்னல் குழாயோ பெரும்பாலும் 6063 என்ற பலம் குறைந்த கலவை. அதிலும் டி5 பதம் என்றால் தகைவு 110தான், சுமை 20 கிலோவுக்கு இறங்கிவிடும். விமானம் 4 ஜி (புவியீர்ப்பைப் போல் நான்கு மடங்கு) திருப்பத்தில் இருக்கும்போது சுமை நான்கு மடங்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு சரியாக இருந்தும் குழாய் முறிவது பெரும்பாலும் துளையில்தான். மேல், கீழ் விளிம்புகளில் ரிவெட் துளை போடாதீர்கள். தகைவு அங்கேதான் உச்சம். பக்கவாட்டில், நடுக்கோட்டில் போடுங்கள். வெல்டிங் வேண்டவே வேண்டாம். சூடு பட்ட இடத்தில் டி6 பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.