முதியோரை வீட்டோடு வைத்துப் பார்க்கும் செலவு: கேள்வி பதில்

அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விற்க என்னிடம் எந்தப் பாலிசியும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் பதில் சொல்கிறேன்.

பாம்பன்: அண்ணே, அப்பாவுக்கு 66 வயது, பக்கவாதம், படுத்த படுக்கை. படகு விற்ற 9 லட்சம் பாங்கில் கிடக்கிறது. மொத்தத்தையும் பென்ஷன் பாலிசியில் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

கையெழுத்துப் போடாதே தங்கச்சி. முதலில் ஒரு நோட்டில் மாதச் செலவை எழுது. பகலில் பார்த்துக்கொள்ள வரும் ஆள், டயப்பர், மாத்திரை, ராமநாதபுரம் போய்வர ஆட்டோ. பிசியோதெரபிக்கு ‘மக்களைத் தேடி மருத்துவ’த்தில் வீட்டுக்கே வருவார்கள், காசு இல்லை. கிராம செவிலியரிடம் கேள்.

பென்ஷன் பாலிசியில் போட்ட பணத்தை அவசரத்துக்கு எடுப்பது பெரும்பாடு. படுக்கைப்புண் சொல்லிவிட்டா வரும்? ஒன்றரை லட்சத்தைக் கைக்கெட்டும் இடத்தில் வை. மீதி ஏழரை லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீதத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 15,375 ரூபாய் வரும். அஞ்சலக மாத வருமானத் திட்டம் என்றால் 7.4 சதவீதம், மாதம் 4,625. முதலாவதில்தான் கூடுதல். ஆனால் அதன் வட்டி ஏப்ரல் தொடக்கத்தில் வந்தால் அடுத்தது ஜூலையில்தான். நடுவில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். உன் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர் என்றால், ஏப்ரல் வட்டியைத் தொடாமல் வைக்க முடியுமா என்று யோசித்து முடிவு செய்.

மண்டபம்: யாரைக் கேட்டாலும் ஏதாவது திட்டத்தைத் தலையில் கட்டுகிறார்கள். பொதுவாக யோசனை சொல்ல ஆளே இல்லையா?

இருக்கிறார்கள். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர்கள். 2013-லிருந்து இதற்குத் தனி விதிமுறை உண்டு. பதிவு எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும், செபி இணையதளத்தில் சரிபார்க்கலாம். நாம் கட்டணம் கொடுக்கிறோம், அவர் யோசனை சொல்கிறார். யோசனை கேட்கும் நமக்கே அவர் கமிஷனுக்குத் திட்டம் விற்கக் கூடாது. ‘கட்டணமே வேண்டாம்’ என்பவரிடம், ‘அப்போ உங்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?’ என்று கேளுங்கள். போன் வழியாகவே ஆலோசனை தருகிறார்கள், மதுரைக்குப் பஸ் ஏற வேண்டாம்.

கீழக்கரை: காக்கா, நான் துபாயில். உம்மாவுக்கு 68 வயது, ஞாபக மறதி. வட்டி இல்லாத வழி சொல்லுங்கள்.

அஞ்சலகத் திட்டம் எல்லாமே வட்டிதான், உங்களுக்கு ஆகாது. ஆலோசகரிடம் இதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் ஊரில் கடை வாடகையை நம்புவார்கள். நல்லதுதான், ஆனால் கடை காலியாகக் கிடந்தாலும் உம்மாவைப் பார்க்கிற ஆளுக்குச் சம்பளம் நிற்காது. ஆறு மாதச் செலவு ரொக்கமாக இருக்கட்டும்.

தொண்டி: வீட்டை எழுதிக் கொடுத்தால் கடைசிவரை பார்க்கிறேன் என்கிறான் தம்பி. அம்மா சம்மதிக்கிறார்.

தம்பி நல்லவராகவே இருக்கட்டும், செட்டில்மென்ட் பத்திரத்தில் ‘பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையை எழுதச் சொல்லுங்கள். 2007-ம் வருடப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ம் பிரிவில், பராமரிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அந்த வரிதான் பிடி. மனு ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம். என்னைக் கேட்டால் உயில் போதும், அம்மா இருக்கும்வரை மாற்றி எழுதலாம்.

தேவிபட்டினம்: 70 வயதுக்கு மேற்பட்டோருக்கான 5 லட்சம் காப்பீட்டில் வீட்டு நர்ஸ் சம்பளம் வருமா?

வராது. ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான்.