ஆழ்ந்த இறங்கல்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தைத் தொடர்ந்து படிக்கிறேன். ஓர் எரிச்சலைக் கொட்டித் தீர்க்கவே இந்தக் கடிதம்.

பள்ளியில் கூடப் படித்தவர்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருக்கிறேன். காலையில் அதைத் திறந்தாலே ரத்தம் கொதிக்கிறது. ‘சுவற்றில்’, ‘கோர்த்து’, ‘வாழ்த்துக்கள்’, ‘செய்திகள் வந்தது’. ஒற்று என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. போன வாரம் நண்பர் ஒருவரின் தந்தை தவறிவிட்டார். ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று ஒருவர் போட்டார். அதையே நகலெடுத்து எல்லோரும் வரிசையாக ஒட்டினார்கள். பொறுக்க முடியாமல் ‘அது இரங்கல்’ என்று எழுதினேன். ‘சாவு வீட்டிலும் பாடம் நடத்துவாயா?’ என்று ஒருவன் கேட்டுவிட்டான். இன்னொருத்தி ‘புரிஞ்சா போதாதா?’ என்றாள். அன்றைக்கு மூடிய வாயை நான் இன்னும் திறக்கவில்லை.

நான் செய்தது தவறா? பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பதுதான் நாகரிகமா? ‘புரிந்தால் போதும்’ என்பதை நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்களா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் திருத்தம் சரிதான். இரங்குவது மனம், இறங்குவது கால். ‘ஆழ்ந்த இறங்கல்’ என்பதைக் கிணறு தூர்வாரப் போகிறவர் வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் தந்தையை இழந்தவரும் அந்தக் குழுவில் இருந்தார் அல்லவா? ஆறுதல் வந்துகொண்டிருந்த இடத்தில் திடீரென்று ரகர றகரச் சண்டை கிளம்பியதை அவரும்தானே பார்த்திருப்பார்? முதலில் போட்டவருக்குத் தனியாக ஒரு வரி அனுப்பியிருக்கலாம். அவர் உடனே திருத்தியிருந்தால் பின்னால் வந்தவர்கள் திருத்தியதையே நகலெடுத்திருப்பார்கள். நகலெடுக்கிறவர்கள் எதையும் படிப்பதில்லை.

சரி, எரிச்சலுக்கு வருவோம். எனக்கும் உண்டு. ஆனால் உங்கள் பட்டியலில் இருப்பவை எல்லாம் ஒரே வகைப் பிழைகள் அல்ல. இணையத்தில் அரட்டை அடிக்கிறவர்கள் காதால் எழுதுகிறார்கள். மனதுக்குள் என்ன ஒலிக்கிறதோ அதை விரல் தட்டுகிறது. அதனால் ஒரு பிழையைப் பார்த்தால், ‘இதைக் காது காட்டிக்கொடுத்திருக்குமா?’ என்றுதான் நான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

ர, ற விஷயத்தில் காது உதவாது. ஒரு காலத்தில் இரண்டும் வெவ்வேறு ஒலிகள். இன்றைக்குப் பெரும்பாலோர் வாயில் இரண்டும் ஒன்றுதான். அரை, அறை, கரை, கறை, இரங்கு, இறங்கு. சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் கண்ணில் மட்டும்தான் இருக்கிறது. நிறையப் படித்தவருக்குச் சொல்லின் உருவம் மனதில் பதிந்திருக்கும். மற்றவர் குத்துமதிப்பாக ஒன்றைப் போடுவார். அதற்காக ஒருவரைத் தமிழ் தெரியாதவர் என்று சொல்லிவிட முடியாது.

ந, ன கதையும் இதேதான். ஆனால் அதற்காவது ஒரு பிடி இருக்கிறது. ண, ந, ன மூன்றையும் ‘சின்ன ன, பெரிய ண’ என்று சொல்லிப் பழகியதால்தான் இந்தக் குழப்பம். அவற்றின் பெயர் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். பெயரிலேயே விடை இருக்கிறது. ஒரு சொல்லுக்குள் ட-வுக்கு முன்னால் வருவது ண், த-வுக்கு முன்னால் ந், ற-வுக்கு முன்னால் ன். மண்டபம், பந்து, கன்று. இதை ஒருமுறை யாராவது சொல்லிக்கொடுத்துவிட்டால் ‘மன்டபம்’ அதோடு ஒழிந்துவிடும்.

ல, ள அப்படியல்ல. பல்லிக்கும் பள்ளிக்கும் உள்ள வேறுபாடு காதிலேயே கேட்கிறது. அங்கே தப்பு வந்தால் நான் முதலில் விசைப்பலகையைத்தான் சந்தேகப்படுவேன். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கும் முறைகள் பலவற்றில் இரண்டுக்கும் ஒரே விசை. ஷிஃப்டை அழுத்தினால் ள, மறந்தால் ல. போதாக்குறைக்கு மேலே மூன்று சொற்களைக் காட்டி ‘இதுவா?’ என்று கேட்கும் வசதி வேறு. பேருந்தில் நின்றுகொண்டு ஒற்றைக் கையால் தட்டுகிறவர் முதலில் தெரிவதைத் தொட்டுவிடுவார். (இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘ஔவை’ என்று பெரிய புலவர்களும் தட்டுகிறார்கள். ஆனால் பலர் தட்டுவது ஒ, ள, வை என்று மூன்று எழுத்து. நம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தெரியும். கணினியில் ஔவையைத் தேடினால்தான் அகப்பட மாட்டாள்.)

ஒற்றுக்கு வருகிறேன். இங்கே காதுதான் வாத்தியார். ‘எனக்கு தெரியும்’ என்று எழுதுகிறவரும் வாயால் ‘எனக்குத் தெரியும்’ என்றே சொல்கிறார். அவனைப் பார்த்தேன், அந்தப் பையன், வீட்டுக்குப் போனேன். எல்லாம் பேச்சிலேயே அழுத்தமாக விழுகின்றன. ஆனால் உங்களுக்கு வருகிற அளவு கோபம் எனக்கு இதில் வருவதில்லை. ‘வேலை கொடுத்தார்’ என்றால் சம்பளம் கிடைக்கும், ‘வேலைக் கொடுத்தார்’ என்றால் ஈட்டி கிடைக்கும் என்று இலக்கண வகுப்பில் பயமுறுத்துவார்கள். வாட்ஸ்அப் குழுவில் யாரும் யாருக்கும் ஈட்டி கொடுப்பதில்லை. இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது இதன் மறுபக்கம். ‘வந்தப் பையன்’, ‘பார்த்தப் படம்’, ‘பெரியப் பிரச்சினை’. இப்படி யாரும் பேசுவதில்லை. இப்படிப்பட்ட பெயரெச்சத்துக்குப் பின்னால் வல்லினம் மிகாது, காதும் அதையேதான் சொல்கிறது. அப்புறம் எங்கிருந்து வந்தது இந்த ப்? என் சந்தேகம், யாரோ ஒருவர் எங்கோ ஒரு குழுவில் ‘ஒற்று எங்கே?’ என்று எல்லார் முன்னாலும் கேட்டதிலிருந்து வந்தது. திட்டு வாங்கியவர் அடுத்த நாளிலிருந்து எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் ஒன்றைத் தூவுகிறார். திருத்துகிறவர்கள் உண்டாக்கிய பிழை இது. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

‘சுவற்றில்’ தவறுதான். சுவர், சுவரில். ஆனால் அது சோம்பேறியின் தவறு அல்ல. ஆறு என்றால் ஆற்றில், கிணறு என்றால் கிணற்றில் என்ற விதி அவருக்கு நன்றாகத் தெரியும். பேச்சில் நாம் ‘சுவரு’ என்கிறோம். ர, ற வேறுபாடுதான் காதில் விழாதே, அதனால் ‘சுவரு’ம் கிணற்றோடு சேர்ந்துகொண்டது. ‘கோர்த்து’ என்பதும் அப்படித்தான். சேர்த்து, பார்த்து என்று பழகிய வாய் ‘கோத்து’ என்பதில் ஏதோ விட்டுப்போன மாதிரி உணர்ந்து ஒரு ர்-ஐச் சேர்த்துவிட்டது.

‘வாழ்த்துக்கள்’ பற்றிய சண்டை எனக்கு அலுத்துவிட்டது. நான் ‘வாழ்த்துகள்’ என்றுதான் எழுதுகிறேன். கள் என்பது வெறும் விகுதி, அங்கே வல்லினம் மிக வேண்டியதில்லை என்ற வாதம் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் பூக்கள், பசுக்கள் என்று எழுதும்போது யாருக்கும் கள் மணம் வீசுவதில்லையே? ஒருவர் நல்ல மனதோடு வாழ்த்தும்போது இடையில் புகுந்து ‘வாழ்த்தா, கள்ளா?’ என்று போதை ஜோக் அடிக்கிறவரைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

‘செய்திகள் வந்தது’ அச்சில் வந்தால் நானும் முகம் சுளிப்பேன். அரட்டையில் மாட்டேன். பேச்சில் அஃறிணைக்குப் பன்மை வினை கிட்டத்தட்ட இல்லை. ‘மரமெல்லாம் விழுந்துச்சு’ என்றுதான் சொல்கிறோம், ‘விழுந்தன’ என்று பேசினால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். ‘வந்துட்டேன்’ என்பதும் ‘வந்துவிட்டேன்’ என்பதன் பிழையான வடிவம் அல்ல. அது பேச்சு. பேச்சில் பேசியதற்கு எழுத்தின் சட்டத்தில் அபராதம் போடக் கூடாது.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இணைய உரையாடலில் உண்மையான சேதம் அதில்தான் நடக்கிறது. கேள்விக்குறி.

ஓலையில் எழுதிய காலத்தில் தமிழுக்கு அது தேவைப்படவில்லை. ‘வந்தானா’ என்றால் ஆ-வே கேள்வி கேட்டுவிடும். யார், எங்கே, ஏன் என்று இருந்தால் கேள்வி முன்னாலேயே தெரிந்துவிடும். நிறுத்தக்குறிகள் நமக்கு அச்சு இயந்திரத்தோடு வந்தவை. அதனால் ‘எங்கே போகிறாய்’ என்று குறியில்லாமல் எழுதினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் பேச்சில் நாம் இந்த ஆ-வை அடிக்கடி விட்டுவிட்டுக் குரலை மட்டும் ஏற்றுகிறோம். ‘நாளைக்குக் கூட்டம் இருக்கு?’ அதே வரியைக் குறியில்லாமல் தட்டினால் அது அறிவிப்பாகிவிடுகிறது. நான் இருக்கும் ஒரு குழுவில் இதுவே நடந்தது. ஒருவர் கேட்டார், மற்றவர்கள் அவர் சொல்வதாக நினைத்துக் கட்டைவிரலைப் போட்டார்கள், அவர் அந்தக் கட்டைவிரல்களை ‘ஆமாம்’ என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் எல்லோரும் வந்து பூட்டிய கதவின் முன் நின்றார்கள். ‘அவர்கிட்ட சொல்லிட்டீங்க’ என்று ஒரு வரி வருகிறது. கேட்கிறாரா, குற்றம் சாட்டுகிறாரா? இதனால் பேச்சு முறிந்தவர்களை எனக்குத் தெரியும். இந்த ஒரு புள்ளிக்காக எந்தத் தமிழ் ஆர்வலரும் கொடி பிடித்து நான் பார்த்ததில்லை.

ஆக, ‘புரிஞ்சா போதாதா?’ என்று கேட்ட உங்கள் தோழிக்கு என் பதில்: போதும், ஆனால் புரிய வேண்டுமே. நம் பழைய இலக்கணக்காரர்கள் நாம் நினைப்பதுபோல் பிரம்போடு நின்றவர்கள் அல்ல. வழு என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் வழுவமைதி என்று ஒன்றையும் வைத்தார்கள். தவறுதான், ஆனாலும் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்கிறோம் என்று பொருள். ஒரே ஆளை ‘அவர் வந்தார்’ என்று பன்மையில் சொல்வதைத் தொல்காப்பியமே வழக்கில் வந்த மரியாதை, இலக்கண முறைப்படி வந்ததல்ல என்று சொல்லி அனுமதிக்கிறது. அவர்கள் மட்டும் கறாராக இருந்திருந்தால் இன்றைக்கு நம் மேலதிகாரியை ‘அவன்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம். (முதுகுக்குப் பின்னால் அதுதான் நடக்கிறது என்பது வேறு விஷயம்.)

குழுவில் மறுபடி வாயைத் திறங்கள். பிழையைப் பற்றி அல்ல, வேறு எதைப் பற்றியாவது. யாராவது ஓர் அழைப்பிதழையோ அஞ்சலிச் சுவரொட்டியையோ அச்சுக்குக் கொடுக்கும் முன் குழுவில் போட்டால், அப்போது வரிக்கு வரி பார்த்துத் தனியாக அனுப்புங்கள். அங்கே உங்கள் கண் நிஜமாகவே தேவைப்படும், திட்டவும் மாட்டார்கள். அச்சாகி வந்தபிறகு பார்த்தீர்களென்றால், ‘தேதி சரியாக இருக்கிறதா?’ என்று மட்டும் பாருங்கள்.