3.6-லிருந்து 1.7-க்கு இறங்கலாமா?

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 2017-ல் வாங்கிய ஐ7-7700 கம்ப்யூட்டரில் 3.6 கிகாஹெர்ட்ஸ். விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். கடையில் காட்டும் ஐ7-1255யு லேப்டாப்பில் 1.7தான். "சிப் வேகம் இனி ஏறாது, இப்பவே வாங்கிடுங்க" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் 1.7 காரணமல்ல.

கிகாஹெர்ட்ஸ் என்பது சிப் நொடிக்கு எத்தனை நூறு கோடி முறை துடிக்கிறது என்ற கணக்கு. அந்த ஓட்டம் 2004-லேயே தளர்ந்துவிட்டது. பென்டியம் 4 அந்த ஆண்டு 3.8-ஐத் தொட்டது, அடுத்து வரவிருந்த 'தேஜாஸ்' சிப்பை இன்டெல் கைவிட்டது. காரணம் சூடு. சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய சுவிட்ச்தான் டிரான்சிஸ்டர். அது சிறுக்கச் சிறுக்க, சூடு ஏறாமலிருக்க வோல்ட்டேஜையும் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1 வோல்ட் அருகே வந்ததும் அந்தக் குறைப்பு நின்றுபோனது. அதற்கும் கீழே இறக்கினால், மூடிய குழாயில் தண்ணீர் சொட்டுவதுபோல், அணைத்த சுவிட்ச்சிலும் மின்சாரம் கசியும். அதனால்தான் கோர்களை, அதாவது ஒரே சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் மூளைகளை, பெருக்கினார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் வேலை வாங்கினார்கள்.

1.7 அடிப்படை வேகம்தான்; தேவைப்பட்டால் 4.7 வரை பாயும். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு மட்டும். தொடர்ந்து உழைக்க உங்கள் பழைய சிப்புக்குக் கிடைக்கும் மின்சாரம் 65 வாட்; இதற்கு 15 வாட்தான். இரண்டு மணி நேர முகூர்த்த வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் சூடேறி வேகம் இறங்கிவிடும்.

பெட்டியில் 'ஐ7' ஸ்டிக்கரைக் காட்டி, வால் எழுத்தைச் சொல்லாமல் விடுவதுதான் வியாபாரத் தந்திரம். யு என்றால் சிக்கனம், எச் என்றால் உழைப்பு. உங்கள் வேலைக்கு இந்த ஐ7-யுவைவிட ஐ5-12450எச் மேல். 2013-ன் ஐ7-4770-ஐத் துடைத்து வைத்து 'ஐ7' என்று விற்பவர்களும் உண்டு. பில்லில் முழு மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள்.

யு சிப் நியாயமாகும் இடம் ஒன்று உண்டு: மண்டபத்துக்கே கொண்டுபோய், பிளக் பாயின்ட் கிடைக்காமல், பேட்டரியிலேயே சின்னச் சின்னக் கிளிப் வெட்டுபவருக்கு. அங்கே நாலு மணி நேரம் தாங்குவதுதான் முக்கியம். வீட்டில் சார்ஜரோடு உட்கார்ந்தே வேலை என்றால் இது உங்களுக்குப் பொருந்தாது. எப்போதாவது ஒருநாள் மண்டபத்துக்குப் போவீர்கள் என்பதற்காகவும் வாங்காதீர்கள்.

சிப் தயாரிப்பு முறைக்குப் பெயராகப் போடும் நானோமீட்டர் எண்ணையும் நம்பாதீர்கள். 10 நானோமீட்டர் என்ற வரிசையில் வந்த தயாரிப்பு முறைக்கே 2021-ல் 'இன்டெல் 7' என்று பெயர் சூட்டினார்கள். காய்கறிக்கடை எடைக்கல்லுக்கு முத்திரை கேட்கும் நாட்டில் இதை யாரும் கேட்பதில்லை!

அவசரமும் வேண்டாம். சிப் முன்னேற்றம் நின்றுவிடவில்லை. டிரான்சிஸ்டரின் அமைப்பையே மாற்றி, துண்டு சிப்களை ஒட்டவைத்து முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் பழைய புராஜெக்ட் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய், கடையிலேயே இருபது நிமிடம் எக்ஸ்போர்ட் போட்டு, டாஸ்க் மேனேஜரில் ஸ்பீட் எண் இறங்குகிறதா என்று பாருங்கள். மறுத்தால் அடுத்த கடை.