ஃபோர்ட்நைட்னா பதினஞ்சு நாள் இல்லை, தம்பி

மஞ்சக்குப்பத்துத் தம்பி ஒருத்தர் மெல்போர்னுக்குப் படிக்க வர்றார். "ஃபோர்ட்நைட்டுக்கு 48 மணி நேரம்தான் வேலை" என்றால் என்ன, எந்த ஏரியாவில் ரூம் பார்க்கலாம், குக்கர் கொண்டு வரலாமா என்று கேட்டிருக்கார்.

குக்கர் இங்கேயே கிடைக்கும். ஏரியா உங்க காலேஜைப் பொறுத்தது. ஆனா அந்த ஃபோர்ட்நைட்ங்கற வார்த்தையிலதான் புதுசா வர்றவங்க வழுக்கி விழறாங்க.

பழைய இங்கிலீஷில் "பதினாலு ராத்திரி" என்றது தேஞ்சு ஃபோர்ட்நைட் ஆச்சு. ஜெர்மானியர்கள் ராத்திரியை வெச்சுத்தான் நாள் எண்ணுவாங்கன்னு ரோமாபுரி வரலாற்றாசிரியர் டாசிடஸே எழுதியிருக்கார். நாம ரெண்டு வாரத்தைப் "பதினஞ்சு நாள்"ம்போம். புதுச்சேரியில் பிரெஞ்சு பேசற பெரியவங்களுக்கும் அது "கேன்ஸ் ஜூர்", அதே பதினஞ்சு. இங்கே அந்தக் கணக்கு செல்லாது, 14தான்.

மாணவர் விசாவில் ஃபோர்ட்நைட் திங்கட்கிழமை தொடங்கும். எந்தத் திங்களிலிருந்து எண்ணினாலும் 14 நாளில் 48 மணியைத் தாண்டக் கூடாது. முதல் வாரம் 18, அடுத்து 30, அப்புறம் 20, அப்புறம் 28 வேலை செஞ்சீங்கன்னு வைங்க. ஜோடி ஜோடியாக் கூட்டினா 48, 48, சுத்தமா இருக்கும். நடு ரெண்டு வாரத்தைக் கூட்டுங்க: 50. மாட்டிக்கிட்டீங்க. ரெண்டு கடையில் வேலைன்னா ரெண்டையும் சேர்த்துத்தான் கணக்கு. செமஸ்டர் லீவில் இந்த வரம்பு கிடையாது. முன்னாடி வரம்பு 40ஆ இருந்தது, 2023 ஜூலையில்தான் 48 ஆச்சு. பழைய ஆளுங்க இன்னும் அதையே சொல்லிக் குழப்புவாங்க. "கையில காசா வாங்கிக்கோ, யாருக்குத் தெரியும்" என்கிற அண்ணன்மார் பேச்சைக் கேட்காதீங்க. அதுவும் வேலைதான், முதலாளி சம்பளத்தில் கை வெச்சா காட்ட ஒரு சீட்டும் இருக்காது.

சம்பளம் ஃபோர்ட்நைட்டுக்கு ஒரு தடவைன்னா வருஷத்துக்கு 26, 24 இல்லை. வாடகையை வாரக் கணக்கில் சொல்வாங்க, மாசக் கணக்கில் கேட்பாங்க. வாரம் 420 டாலர்னா நாலால் பெருக்கி 1680னு நினைக்காதீங்க. ஏழால் வகுத்து, 365ஆல் பெருக்கி, 12ஆல் வகுக்கணும்: 1825. பல வருஷம் இருந்தவங்களே இதில் கோட்டை விடறாங்க.

"ஃப்ரைடே வீக்" என்றால் வர்ற வெள்ளி இல்லை, அதுக்கடுத்த வெள்ளி. அமெரிக்காவில் இருக்கிற உறவுக்காரங்ககிட்ட ஃபோர்ட்நைட்னு சொன்னா அந்தப் பேர்ல இருக்கிற வீடியோ கேம்னு நினைப்பாங்க, அங்கே "பைவீக்லி"தான். அது வாரத்துக்கு ரெண்டு தடவையா, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையான்னு தனியாக் கேட்டுக்கணும்.

குப்பைக்கும் ஃபோர்ட்நைட் உண்டு. பல இடத்தில் மஞ்சள் மூடி போட்ட மறுசுழற்சிக் குப்பைத் தொட்டியை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் எடுப்பாங்க. எந்த வாரம்னு குழம்பினா, ராத்திரி பக்கத்து வீட்டு வாசலை ஒரு எட்டு பார்த்துட்டு உங்க தொட்டியை வையுங்க.