சுவரோரம் பூத்தது காட்டுக் கிளாடியோலஸா?

கேள்வி: ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்தில், இடிந்த பழைய வீட்டுச் சுவரோரம் வாள் போன்ற இலைகளுடன் ஒரு செடி ஆடி மாதம் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூக்கிறது. தோண்டிப் பார்த்தேன். வெங்காயம் போன்ற கிழங்கு, அதன் அடியில் காய்ந்த வட்டு, சுற்றிலும் மிளகு மிளகாகச் சிறு முத்துகள். படம் அனுப்பியிருக்கிறேன். இது காட்டுக் கிளாடியோலஸா? சேலத்து வீட்டுத் தொட்டியில் வருமா?

பதில்: தோண்டிப் பார்த்தீர்களே, அதுதான் நல்ல காரியம். பூவின் படத்தை மட்டும் அனுப்பிப் பெயர் கேட்பவர்களால் எனக்குத் தலைவலி. மலைத் தோட்டங்களில் தப்பி வளரும் மான்ட்பிரேஷியாவுக்கும் இதே வாள் இலை, இதே ஆரஞ்சு நிறம். மண்ணுக்குக் கீழேதான் வித்தியாசம் தெரியும்.

முதலில், அது வெங்காயம் அல்ல. குறுக்கே வெட்டினால் அடுக்கடுக்காக உரியாது; சேப்பங்கிழங்கைப் போல உள்ளே ஒரே சதை. இதைக் கந்தம் என்பார்கள். அடியில் நீங்கள் கண்ட காய்ந்த வட்டு போன பருவத்தின் கந்தம். இலைக்கும் பூவுக்கும் தன்னையே செலவழித்துவிட்டுச் சுருங்கிப்போகிறது. அதன் தலைமேல் புதியது உட்கார்ந்துகொள்கிறது. மான்ட்பிரேஷியாவாக இருந்தால் பழைய கந்தங்கள் சாகாமல், மணி கோத்தாற்போல ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும். ஆகவே உங்களுடையது கிளாடியோலஸ்தான்.

எந்த இனம்? படத்தில் தண்டுக்கு ஐந்தாறு பூக்களே இருக்கின்றன. மேல் இதழ் முக்காடு போட்டதுபோல முன்னால் வளைந்து, மூன்று மகரந்தத் தாள்களையும் மூடி நிற்கிறது. (லில்லி என்று சந்தேகம் வந்தால் எண்ணிப் பாருங்கள், லில்லிக்கு ஆறு.) இந்த முக்காடும் நிறமும் கிளாடியோலஸ் டலேனி என்ற இனத்தின் அடையாளம். ஆப்பிரிக்காவில் தேன்சிட்டு அலகை உள்ளே நுழைக்கும்போது அதன் தலையில் மகரந்தம் ஒட்டுவதற்கான அமைப்பு அது. காய் வெடித்ததும் விதையைப் பாருங்கள்: முருங்கை விதைக்கு மூன்று சிறகு, இதற்கோ விதையைச் சுற்றிலும் ஒரே மெல்லிய சிறகு.

காட்டு இனம்தான், ஆனால் சேர்வராயன் காட்டுக்கு உரியதல்ல. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அரேபியாவின் மேற்கு ஓரம் இதன் தாயகம். பழைய வீட்டுச் சுவரோரம் இருப்பதே, யாரோ ஒருவர் ஆசையாக நட்டது என்று சொல்லிவிடுகிறது. பூக்கடையில் விற்கும் பெரிய கிளாடியோலஸுக்கு இது மூதாதை: 1841இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் விற்பனைக்கு வந்த கலப்பினத்தின் பெற்றோரில் ஒன்று. கடைப்பூவின் அகலமும் சுருக்கமும் இதற்கு இல்லை. எனக்கு இதுதான் அழகு.

இனி சேலம். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கினால் சுமார் 1,200 மீட்டர் கீழே வந்துவிடுகிறோம். அங்கே இந்தச் செடிக்கு வெயிலைவிடத் தேங்கும் தண்ணீரே எமன். மழைக்காலத்தில் வளர்ந்து வறட்சியில் உறங்குவது இதன் இயல்பு. உறங்கும்போதும் தினம் தண்ணீர் ஊற்றினால் கந்தம் அழுகிவிடும்.

இலை பழுத்துச் சாயும்வரை தோட்டத்திலேயே விடுங்கள். பூ முடிந்ததும் இலையோடு சேர்த்து வெட்டிவிடாதீர்கள். புதிய கந்தத்துக்குச் சோறு போடுவது அந்த இலைதான். பிறகு தோண்டி, நிழலில் உலர்த்தி, காய்ந்த வட்டைக் கிள்ளி எறிந்துவிட்டு, வலைப் பையில் காற்றாடத் தொங்கவிடுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இதற்கும் பொருந்தும். செம்மண், மணல், மக்கிய இலை கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நான்கு விரல்கடை ஆழத்தில் நடுங்கள். பச்சைச் சாணம் வேண்டாம். காலை வெயில் நன்றாகப் படட்டும். உச்சிவெயிலுக்கு லேசான நிழல் போதும்.

அந்த மிளகு முத்துகளும் முளைக்கும். ஆனால் பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பொறுமை இருந்தால் தனித் தொட்டியில் போடுங்கள். இல்லையென்றால் எரித்துவிடுங்கள், தோண்டிய மண்ணோடு சேர்த்து ஓடைக்கரையில் மட்டும் கொட்டாதீர்கள்.