தேவி உருவங்களும் இன்றைய கலைஞர்களும்: கேள்வி பதில்

கேள்வி: இந்திய நவீன ஓவியர் டையப் மேத்தாவின் ‘மகிஷாசுரன்’ ஓவியத்தில் தேவி எருமையைக் கொல்கிறாளா, தழுவுகிறாளா?

பதில்: இரண்டுக்கும் இடம் வைத்தே வரைந்திருக்கிறார். மாமல்லபுரம் குடைவரையில், சிங்கத்தின் மீதேறி வில் வளைக்கும் தேவிக்கும் கதையோடு பின்வாங்கும் எருமைத்தலை அசுரனுக்கும் நடுவே இடைவெளி துலக்கமாகத் தெரிவதால், எவர் எந்தப் பக்கம் என்ற குழப்பமே எழாது. 1997இல் மேத்தா வரைந்ததில் அந்த இடைவெளி இல்லை. நிழலோ ஆழமோ காட்டாத தட்டையான வண்ணப் பரப்புகளில் இரு உடல்களும் பின்னிக் கிடக்க, ஒரு கை எவருடையது என்பதைக் வரைகோட்டின் வழியே போய்த்தான் அறிய வேண்டியிருக்கிறது. இதை வெற்றிக் காட்சி என்று முடித்துவிடுவது அவசரம். அசுரன்மீது இரக்கம் என்பதும் என் பார்வையில் பாதி விடைதான். மரபில் இருந்த எது இங்கே நீக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பொருளைப் பிறகு தேடலாம்.

கேள்வி: இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்த மேத்தா காளியை ஏன் வரைந்தார்?

பதில்: 1947ஆம் ஆண்டுக் கலவரத்தில் பம்பாயில் ஒருவரைக் கூட்டம் அடித்துக் கொன்றதைத் தம் வீட்டிலிருந்து பார்த்தவர் மேத்தா. கட்டுண்ட காளையும் தலைகீழாக விழும் மனிதனும் அவர் ஓவியங்களில் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்தன. ‘கூடல்’ என்ற தம் குறும்படத்துக்காகப் பாந்திராவின் இறைச்சிக்கூடத்திலும் படம் பிடித்தார். 1980களின் நடுவில் சாந்திநிகேதனில் தங்கியிருந்து திரும்பிய பிறகு வரைந்த காளியை, அதாவது 1989ஆம் ஆண்டு ஓவியத்தின் நீல உடலையும் பிளந்த சிவந்த வாயையும், இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், அவருடைய மதத்தைவிட அவர் கண்ட வன்முறையே அதிகம் விளக்குகிறது. (நம்மூர்க் காளி கோயில்களில் உக்கிரத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த வாய் புதிதன்று.)

கேள்வி: சிற்பி மிருணாளினி முகர்ஜியின் ‘யட்சி’ எந்தப் புராணத்தைச் சொல்கிறது?

பதில்: எதையும் சொல்லவில்லை. சாயமேற்றிய சணல் கயிற்றைக் கையால் முடிச்சிட்டு முடிச்சிட்டு எழுப்பிய உருவம் அது. மடிப்புகளும் கனமும்தான் அதன் தெய்வத்தன்மை. கதை தேடாமல் அதைச் சுற்றி நடந்து பாருங்கள்.

கேள்வி: இத்தகைய ஓவியங்களின் விலை உயர்வதற்குத் தெய்வ உருவம் காரணமா?

பதில்: மேத்தாவின் ‘மகிஷாசுரன்’ 2005இல் நியூயார்க் ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது உண்மை. ஆனால் தெய்வம் இல்லாத அவருடைய ‘கொண்டாட்டம்’ 2002இலேயே பெருந்தொகைக்கு விலைபோயிருந்தது.